களத்திற் கற்கும் கல்வி
மனிதநல சேவை முகாமையும் மாணவர் பயிற்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சுரைக்காயின் இயல்பை ஏட்டில் எவ்வளவு நுட்பமாக எழுதி வைத்தாலும், அடுப்பிற் சட்டியை ஏற்றியவர்க்கு அதனாற் பயனில்லை. எனினும் இப்பழமொழி ஏட்டுக் கல்வியை இகழ எழுந்ததன்று. கற்றது செயலுடன் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் கருத்து. மருத்துவம் பயில்வோர்க்கு வைத்தியசாலை அத்தகைய இடம். ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு வகுப்பறை அத்தகைய இடம். முதியோர் இல்லங்களையும், சிறுவர் காப்பகங்களையும், நிவாரண நிலையங்களையும், வலது குறைந்தோர்க்கான பயிற்சிச் சாலைகளையும் நடத்தக் கற்போர்க்கு அவ்விடம் யாது? அத்தாபனங்களேயாம். அங்கே மாணவர் குறித்த காலம் தங்கிப் பணிபுரிந்து பயில்வதையே களப்பயிற்சி என்பர்.

மனிதநல சேவை என்பது பரந்த பொருளுடைய சொல். பசி, நோய், முதுமை, அநாதரவு, வேலையின்மை முதலியவற்றால் இடருறும் மக்களுக்கு ஒழுங்கான முறையில் உதவும் பணிகள் அனைத்தும் அதில் அடங்கும். இப்பணிகளை ஆற்ற இரக்கமுள்ள நெஞ்சம் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் இரக்கம் மட்டும் ஒரு தாபனத்தை நடத்திவிடாது. அரிசி தீர்வதற்கு முன் வாங்கப்படல் வேண்டும். பணியாளர் முறைவைத்து வருதல் வேண்டும். நன்கொடையாகப் பெற்ற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருத்தல் வேண்டும். உதவி கோரி வந்தவரின் கோவை தேடியவுடன் கைக்கு எட்டுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் துன்புறுவோர் காரியாலயத்தில் இருப்பவரல்லர். வாயிலிற் காத்திருக்கும் எளியவரே. ஆதலின் நற்பணியை நன்கு முகாமை செய்வதும் நற்பணியின் ஒரு கூறேயாகும்.

இக்கல்வி முறை தோன்றிய வரலாறு சுவையானது. 1865 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் மேரிலபோன் பகுதியில், பாரடைஸ் பிளேஸ் என்னும் இடத்திற் சிதைந்த நிலையிலிருந்த சில வீடுகளின் நிருவாகத்தை ஒக்டேவியா ஹில் என்னும் பெண்மணி ஏற்றார். அவ்வீடுகளை வாங்குதற்குப் பணம் உதவியவர் புகழ்பெற்ற எழுத்தாளர் ஜோன் ரஸ்கின். இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய் கிடைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை பெறுவதும், பழுது பார்ப்பதும், குடியிருப்போரின் சுகதுக்கங்களை அறிவதும், கணக்கைத் திருத்தமாக எழுதுவதும் ஒரே பணியின் பல முகங்களாயின. தமக்குத் துணையாக வந்த பெண்களை ஹில் அம்மையார் அந்தப் படிக்கட்டுகளிலும் அந்தக் கணக்கேடுகளிலுமே பயிற்றினார். வாடகைக் கணக்கைச் சரியாக எழுதத் தெரியாதவர் ஏழைக்கு நன்மை செய்ய இயலாது என்னும் உறுதி அவருடைய முறையில் இருந்தது. சேவையும் முகாமையும் ஒருங்கே கற்பிக்கப்பட்டமைக்கு இது முற்பட்டதோர் எடுத்துக்காட்டாகும்.

பின்னர் 1884 ஆம் ஆண்டில் இலண்டனின் கிழக்குப் பகுதியில் டொயின்பீ ஹோல் நிறுவப்பட்டது. பல்கலைக்கழக மாணவர் வறியோர் நடுவிற் சென்று வாழ்ந்து, அவர்தம் வாழ்வை நேரிற் கண்டு பணிபுரிதல் வேண்டும் என்பது அதனை அமைத்த சாமுவேல் பார்னெட், ஹென்றியேற்றா பார்னெட் தம்பதியரின் நோக்கம். இதனை நேரிற் கண்டு ஊக்கம் பெற்ற ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்டார் என்னும் இருவர் 1889 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஹல் ஹவுஸ் என்னும் நிலையத்தைத் தொடங்கினர். இந்நிலையங்கள் பள்ளிக்கூடங்களாகத் தொடங்கப்பட்டவையல்ல. ஆயினும் பிற்காலத்துச் சமூகப் பணியாளர் பலர்க்கு அவையே முதற் பள்ளிக்கூடங்களாயின.

களப்பயிற்சியைக் கல்வித் திட்டத்துள் கொணர்ந்தோருள் மேரி ரிச்மண்ட் முதன்மையானவர். அவர் 1889 ஆம் ஆண்டிற் பால்டிமோர் நகரத் தரும தாபனத்தில் உதவிப் பொருளாளராக அமர்ந்தார். கணக்கு மேசையிலிருந்தே அவர் சமூகப் பணிக்குள் நுழைந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1897 ஆம் ஆண்டில் டொரொன்டோ நகரில் நடைபெற்ற மகாநாட்டில், தரும காரியங்களில் ஈடுபடுவோர்க்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்றும், அங்கு செயல்முறைப் பயிற்சிக்குச் சிறப்பிடம் அளித்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1898 இல், நியூயோர்க் நகரின் தரும தாபனம் ஆறு வாரக் கோடைகாலப் பயிற்சியொன்றைத் தொடங்கிற்று. அது 1904 இல் ஓராண்டுக் கற்கைநெறியாக வளர்ந்து, பிற்காலத்திற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிக் கல்லூரியாக உருப்பெற்றது.

கீழைத் தேசங்களிலும் இம்முறை விரைவில் வேரூன்றிற்று. பம்பாய் நகரில் 1926 ஆம் ஆண்டில் கிளிபர்ட் மான்ஷார்ட் என்பவர் நாக்பாடா என்னும் தொழிலாளர் பகுதியிற் சமூக நிலையம் ஒன்றை அமைத்தார். அங்கே பெற்ற அனுபவத்திலிருந்து, முறையான பயிற்சி பெற்ற பணியாளர் இந்தியாவுக்குத் தேவை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அதன் பயனாக 1936 ஆம் ஆண்டில் டாட்டா அறநிதியத்தின் ஆதரவுடன் சமூகப்பணிக் கல்லூரி தோன்றிற்று. மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநரானார். இலங்கையில் 1952 ஆம் ஆண்டிற் கொழும்பில் நிறுவப்பட்ட சமூகப்பணிப் பயிற்சி நிறுவகத்துடன் இக்கல்வி தொடங்கிற்று. அதன் வழித்தோன்றலான தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. அங்கு சமூகப்பணிப் பட்டப்படிப்பு 2005 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று.

களப்பயிற்சிக்கு எவ்வளவு காலம் ஒதுக்குவது? இது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவிற் சமூகப்பணி இளமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணித்தியாலங்களும், முதுமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 900 மணித்தியாலங்களும் விதிக்கப்பட்டுள்ளன. அவுஸ்திரேலியாவில் இது 1,000 மணித்தியாலங்களாகும். அதுவும் ஒரே இடத்திலன்றி, குறைந்தது இரு வேறு பயிற்சிக் காலங்களாக நிறைவேற்றப்படல் வேண்டும். இங்கிலாந்தில் 200 நாட்கள் என்பது நியதி. ஓரிடத்திற் கண்டதையே உலகமெனக் கொள்ளாதபடி, மாணவர் ஒன்றற்கொன்று மாறுபட்ட இரு சூழல்களிலேனும் பயிலுதல் வேண்டும் என்பது இவ்விதிகளின் உட்கருத்து. சிறுவர் காப்பகத்திற் பயின்றவர் அடுத்து ஒரு வைத்தியசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ செல்வாராயின், இரக்கம் ஒன்றாயினும் ஒழுங்குகள் வேறுபடுவதை அவர் காண்பார்.

பயிற்சி தொடங்குமுன் மூன்று திறத்தார் ஓர் உடன்பாட்டுக்கு வருவர். கல்லூரி ஒரு திறம். தாபனம் ஒரு திறம். மாணவர் ஒரு திறம். மாணவர் எதனைக் கற்க வேண்டும், எந்நாட்களில் வருவார், யார் அவரை மேற்பார்வை செய்வார், எப்பணிகளை அவரிடம் ஒப்படைக்கலாம், எவற்றை ஒப்படைத்தலாகாது என்பன எழுத்தில் வைக்கப்படும். இவ்வுடன்பாடு வெறும் சம்பிரதாயமன்று. பின்னர் எழக்கூடிய மனக்கசப்புகளிற் பெரும்பாலானவை இப்பத்திரத்தைத் தெளிவாக எழுதாமையால் விளைவனவே.

முதற் சில வாரங்களில் மாணவர் காண்பதும் கேட்பதுமே மிகுதி. தாபனம் எவ்வாறு தோன்றியது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, யார்க்கு யார் பொறுப்பாளர், உதவி பெறத் தகுதியுடையோர் யாவர் என்பவற்றை அவர் அறிதல் வேண்டும். அடுத்த கட்டத்திற் சிறு பொறுப்புகள் வழங்கப்படும். கூட்டக் குறிப்பு எழுதுதல், சில்லறைக் காசேட்டைச் சரிபார்த்தல், தொண்டர்களின் வரவை ஒழுங்குபடுத்தல் முதலியன அத்தகையவை. இறுதிக் கட்டத்தில், தாபனத்துக்கு உண்மையிலேயே தேவையான ஒரு காரியத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தாமே நடத்தி முடிக்கும் வாய்ப்பு அளிக்கப்படல் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு முதியோர் இல்லத்திற் பயிலும் மாணவி ஒருத்தி, அங்கு வாழ்வோர் இரவிற் பசியால் உறக்கமின்றி வருந்துவதை அறிகின்றாள் என்று கொள்வோம். உணவு போதாது என்பது அவளுக்கு முதலில் தோன்றும் முடிவு. உணவின் அளவைக் கூட்டவேண்டும் என்று அறிக்கை எழுதவும் அவள் துணிகின்றாள். ஆயின் மேற்பார்வையாளர் அவளை மறித்து, உணவு எவ்வளவு சமைக்கப்படுகின்றது, எவ்வளவு மிஞ்சுகின்றது, எப்பொழுது பரிமாறப்படுகின்றது என்று ஒரு வாரம் குறித்து வருமாறு பணிக்கின்றார். குறித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு நாளும் இராச் சாப்பாட்டிற் சோறு மிஞ்சுவது தெரிகின்றது! மாலை ஐந்தரை மணிக்கே உணவு பரிமாறப்படுகின்றது. அவ்வேளையில் முதியோர்க்குப் பசியில்லை. அவ்வளவு முன்னதாகப் பரிமாறுவது ஏன் என்று வினவினால், சமையற்காரப் பெண்கள் தம் கிராமத்துக்குச் செல்லும் கடைசி பஸ்ஸைப் பிடித்தல் வேண்டும் என்பது காரணமாக வெளிப்படுகின்றது.

பசிக்குக் காரணம் வறுமையன்று, கவனமின்மையுமன்று. பஸ் வண்டியின் நேரம்! இனி என்ன செய்வது? நேரத்தைப் பின்தள்ளினாற் சமையற்காரர் வீடு செல்ல வழியில்லை. இரவுக்கு வேறோர் ஆளை நியமித்தால் வரவு செலவுத் திட்டம் இடங்கொடாது. இரவுக் காவற் பணியாளர் எட்டரை மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் வழங்கலாமெனின், அதற்கு அவர் இசைதல் வேண்டும். அவருடைய கடமைப் பட்டியலில் அது சேர்க்கப்படல் வேண்டும். மிஞ்சும் அரிசியின் செலவைக் குறைத்துப் பாலுக்கு ஒதுக்கப் பரிபாலன சபை அங்கீகாரம் அளித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கு வாழும் முதியோரையே கலந்து அவர் விருப்பம் அறிதல் வேண்டும். ஒரு கோப்பைப் பாலைச் சுற்றி ஆளணி, பணம், ஒழுங்கு, அதிகாரம், மனித கௌரவம் என்னும் ஐந்தும் நிற்பதை அம்மாணவி காண்கின்றாள். முகாமை என்னும் சொல்லின் பொருள் அன்றுதான் அவளுக்கு விளங்குகின்றது.

இவ்வுதாரணத்தில் மேற்பார்வையாளரின் பங்கு கவனிக்கத்தக்கது. அவர் விடையைச் சொல்லவில்லை. விடையைத் தேடும் வழியைக் காட்டினார். சமூகப்பணி மேற்பார்வை பற்றி 1976 ஆம் ஆண்டில் நூல் எழுதிய அல்பிரட் கடூஷின், மேற்பார்வைக்கு மூன்று கடமைகள் உண்டு என வகுத்தார். பணி ஒழுங்காக நடைபெறச் செய்தல் ஒன்று. பணியாளரைக் கற்பித்து வளர்த்தல் மற்றொன்று. துன்பங்களை இடைவிடாது காணும் பணியாளரின் மனம் சோராமல் தாங்குதல் மூன்றாவது. இம்மூன்றில் எது குறைந்தாலும் பயிற்சி ஊனமடையும். வாரத்தில் ஒரு நாள், குறித்த வேளையில், இடையூறின்றி மாணவருடன் அமர்ந்து உரையாட மேற்பார்வையாளர்க்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தர இயலாத தாபனம் மாணவரை ஏற்காதிருப்பதே நேர்மையாகும்.

மாணவரின் உள்ளத்தில் நிகழும் மாற்றங்களையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பேர்தா ரெனால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியை 1942 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தொழில் கற்பவர் ஐந்து நிலைகளைக் கடக்கின்றார் என விளக்கினார். தன்னையே எண்ணி அஞ்சும் நிலை முதலாவது. மூழ்குவதா நீந்துவதா என்று தத்தளிக்கும் நிலை இரண்டாவது. செய்ய வேண்டியது விளங்கியும் கை அதற்கேற்ப இயங்காத நிலை மூன்றாவது. பணி ஓரளவு வசப்படும் நிலை நான்காவது. தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்க வல்ல நிலை ஐந்தாவது. மூன்றாம் நிலையிலேயே மாணவர் பலர் மனம் உடைகின்றனர். தம் தவறு தமக்கே தெரிகின்றமையால், தாம் பின்னடைந்து விட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் அது முன்னேற்றத்தின் அறிகுறியேயாம். இதனைத் தக்க தருணத்தில் எடுத்துரைக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் வாய்ப்பது மாணவர்க்குப் பெரும்பேறாகும்.

களப்பயிற்சியிற் மறக்கலாகாத நான்காவது திறத்தார் ஒருவர் உளர். உடன்பாட்டிற் கையெழுத்திடாதவர் அவர். எனினும் எல்லாரினும் அவர்க்கே இழப்பு மிகுதி. அவர்தாம் உதவி நாடி வந்தவர். தம் குடும்பத் துன்பத்தை அந்நியர் ஒருவரிடம் கூறும் தாய், அவர் மாணவர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். மாணவரிடம் பேச விருப்பமில்லையெனின், அதனாற் தமக்கு வரவேண்டிய உதவி தடைப்படாது என்னும் உறுதியும் அவர்க்கு வேண்டும். அவர் கூறியவை வகுப்பறைக் கட்டுரையிற் பெயரும் ஊரும் அடையாளமும் நீக்கப்பட்ட பின்னரே எழுதப்படலாம். சிற்றூர்களிற் பெயரை மறைத்தல் மட்டும் போதாது. தொழிலையும் பிள்ளைகளின் தொகையையும் கூறினாலே ஆளை அறிந்துகொள்வர்.

மொழியும் இங்கு பெரிதும் கருதத்தக்கது. தமிழும் சிங்களமும் வழங்கும் இந்நாட்டில், உதவி கோருபவரின் மொழி மாணவர்க்குத் தெரியாவிடின், வீட்டிலுள்ள சிறு பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கும் நிலை நேரிடலாம். தாயின் துன்பத்தைப் பிள்ளையின் வாயால் கேட்பது நல்ல முறையன்று. ஆதலின் மாணவரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும்போது, அவர் கற்க வேண்டியதை மட்டுமன்றி, அங்குள்ள மக்கள் எம்மொழியிற் பேசுவர் என்பதையும் கல்லூரி சிந்தித்தல் அவசியம். விடைபெறுவதும் அத்தகையதே. ஆறு மாதம் பழகிய மாணவர் ஒரு நாள் திடீரென வாராதொழிந்தால், காப்பகத்துப் பிள்ளை மீண்டும் ஒருமுறை கைவிடப்பட்டதாகவே உணரும். எந்நாளிற் செல்வார், அவர்க்குப் பின் யார் வருவார் என்பவற்றை முன்கூட்டியே சொல்லி விடைபெறல் மாணவரின் கடமை.

இனி, இம்முறையிலுள்ள குறையொன்றையும் கூறாதுவிடல் பொருந்தாது. ஆள் பற்றாக்குறையுள்ள தாபனங்கள் மாணவரை ஊதியமில்லா எழுதுவினைஞராகக் கொள்ளும் சோதனைக்கு உட்படுகின்றன. கடிதங்களைப் பிரதி செய்வதும் தேநீர் கொணர்வதுமாகவே பயிற்சிக் காலம் கழிந்துவிடின், மாணவர் கற்றது யாது? சிறு வேலைகளைச் செய்வது இழிவன்று. கோவைகளை அடுக்குபவர் தாபனத்தின் உள்ளமைப்பை நன்கு அறிவர். ஆயின் அவ்வேலை எதனைக் கற்பிக்கின்றது என்று வினவினால், அதற்கு விடை இருத்தல் வேண்டும்.

வறிய மாணவரின் நிலை இன்னும் கடினமானது. பகலிற் களப்பணி, இரவில் வயிற்றுப் பிழைப்புக்கு வேறு தொழில் என்று அல்லற்படுவோர் பல நாடுகளிலும் உளர். பஸ் கட்டணமும் மதிய உணவும் கைப்பணத்திலேயே செல்லும். வறுமையை அனுபவித்தறிந்தவரே வறியோர்க்குச் சிறந்த பணியாளராகக் கூடும். ஆனால் அவர்களே செலவைத் தாங்க இயலாது இக்கல்வியை விட்டு விலகுவராயின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று. இதனை உணர்ந்து அவுஸ்திரேலிய அரசாங்கம் 2025 ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி தொடக்கம், சமூகப்பணி, ஆசிரியம், தாதியியல், மருத்துவமாதுக் கல்வி பயிலும் மாணவருள் வருவாய் குறைந்தோர்க்குக் கட்டாயக் களப்பயிற்சிக் காலத்தில் வாராந்தக் கொடுப்பனவு வழங்கத் தொடங்கிற்று. எல்லா நாடுகளாலும் இவ்வாறு செய்ய இயலாதெனினும், போக்குவரத்துச் செலவையேனும் ஈடுசெய்தல் எட்டாத காரியமன்று.

2020 ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது, களப்பயிற்சி பெருஞ் சோதனைக்குள்ளாயிற்று. தாபனங்களின் கதவுகள் மூடப்பட்டன. அமெரிக்காவில் விதிக்கப்பட்ட மணித்தியாலங்களுள் நூற்றுக்கு 85 வீதத்தை நிறைவேற்றினாற் போதும் என அப்போது தளர்வு அளிக்கப்பட்டது. தொலைபேசி வாயிலாகவும் கணினி வாயிலாகவும் மாணவர் பணிபுரிந்தனர். அவ்வாறும் கற்க இயலும் என்பது அப்பொழுது தெரிந்தது. ஒரு வீட்டின் வாயிலிற் கால் வைத்தவுடன் புலனாகும் செய்திகள் பல தொலைபேசியில் வருவதில்லை என்பதும் உடன் தெரிந்தது.

தாபனத்துக்கு இதனால் நன்மை உண்டா என்று கேட்போர் உளர். உண்டு. நெடுங்காலம் ஒரே பணியில் இருப்பவர்க்கு வழக்கமே நியாயமாகத் தோன்றிவிடும். புதிதாக வந்தவர் இது ஏன் இவ்வாறு செய்யப்படுகின்றது என்று பணிவுடன் கேட்கும் ஒரு கேள்வி, பல்லாண்டுப் பழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டும். மேலும், பிறர்க்கு விளக்கிச் சொல்ல முற்படும்போதுதான் தம் தொழிலைத் தாமே தெளிவாக உணர்கின்றனர் உத்தியோகத்தர்.

ஒரு நாட்டின் நலச் சேவைகள் கட்டடங்களாலும் சட்டங்களாலும் மட்டும் அமைவதில்லை. அவற்றைப் பொறுப்பேற்று நடத்துவோரின் அறிவாலும் பழக்கத்தாலும் அமைவன அவை. இன்று களத்தில் நின்று கற்கும் மாணவரே நாளை வரவு செலவுத் திட்டத்தில் எந்தச் செலவைக் குறைப்பது என்று முடிவு செய்யும் ஆசனத்தில் அமர்வர். அப்பொழுது அவர்முன் இருப்பவை எண்களேயாயினும், அவ்வெண்களுக்குப் பின்னால் நிற்கும் முகங்களை ஒருமுறையேனும் நேரிற் கண்டிருப்பாராயின், அவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாது. அந்த முகங்களைக் காணச் செய்வதே களப்பயிற்சியின் தலையாய பயனாகும்.